கனவும் பிரமாணமும்: கணிதமேதை இராமாநுஜனைப் பற்றிய இரு வழக்குகள் – ஸ்ரீபாஷ்ய நோக்கில் ஒரு பரிசீலனை

1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கும்பகோணத்திலிருந்து வடக்கே வந்த வண்டியை விட்டு விழுப்புரத்தில் இறங்கி, மேற்கே பிரியும் பாதையில் வேறு வண்டி ஏறித் திருக்கோவலூர் சென்றார் இருபத்திரண்டு வயது நிரம்பிய ஓர் இளைஞர். அவர் கையில் இருந்தது ஒரு கணிதக் குறிப்பேடு. அந்நாளைய தென்னார்க்காடு ஜில்லாவின் திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமஸ்வாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். வந்தவர் வேண்டியது தாலூகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா உத்தியோகம். ஏட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரிக்கோ, இத்தகைய மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் அமர்த்தி மழுங்கச் செய்ய மனம் வரவில்லை. அறிமுகக் கடிதங்கள் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். திருக்கோவலூரிலிருந்து சென்னை செல்வோர் மீண்டும் விழுப்புரம் வந்து, மயிலம், திண்டிவனம் வழியாகவே போகவேண்டும். திந்த்ரிணீவனம் என்ற வடமொழிப் பெயரே திண்டிவனம் என்று ஆயிற்று என்பர். புளியங்காடு என்றதும் திருக்குருகூர் உறங்காப்புளியை நினைப்பது ஸ்ரீவைஷ்ணவர்க்கு இயல்பு. இங்கு அதற்கு மேல் அதில் பொருள் காண வேண்டியதில்லை.

அந்த இளைஞர் ஸ்ரீநிவாஸ இராமாநுஜன். பாஷ்யகாரரின் திருநாமத்தையே தாங்கியவர். நாமக்கல் நரஸிம்ஹப் பெருமாளின் தேவியான நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடியில் பிறந்தவர். விஞ்ஞானத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் பகவத் விசுவாசத்தோடு எவ்வாறு வாழ்ந்தார் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இவர் பெயர் முதலில் வருகிறது. வரும்போது இரு வழக்குகளில் ஒன்றாகவே வருகிறது. அவ்விரண்டும் பூர்வாசார்யர்கள் நிலைநாட்டிய பிரமாண வ்யவஸ்தையோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை எவரும் நின்று ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆராய்ந்தால் இரண்டும் நில்லா.

முதல் வழக்கு பக்தர்களுடையது. தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களைக் காட்டினாள். காலையில் எழுந்து இராமாநுஜன் அவற்றை எழுதிவைத்தார். மேல்நாட்டுப் பேராசிரியர்கள் வியந்தனர். ஆதலால் தெய்வம் உண்டு என்பது விஞ்ஞானத்தாலேயே நிரூபணம் ஆயிற்று என்பது அவர்கள் வாதம். உபந்யாஸங்களிலும் மலர்களிலும் இது சலிக்காமல் சொல்லப்படுகிறது. இரண்டாவது வழக்கு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியைப் பின்பற்றுவது. ஹார்டி நாஸ்திகர், அதை மறைத்தவரும் அல்லர். இராமாநுஜனின் மதம் ஆசாரங்களைக் கடைப்பிடிப்பதோடு நின்றது, அறிவுவழிப்பட்ட விசுவாசமாக இருந்ததில்லை என்பது அவர் எழுதிய கருத்து. எல்லா மதங்களும் தமக்கு ஏறக்குறைய ஒரே அளவில் உண்மையாகத் தோன்றுவதாக இராமாநுஜன் தம்மிடம் கூறியதையும் அவர் சான்றாகக் காட்டினார். முதல் வழக்கு கனவைப் பிரமாணமாக்குகிறது. இரண்டாவது அதை ஒன்றுமில்லாததாக்குகிறது.

முதல் வழக்கின் பெரிய பிழை அது எம்பெருமானார் தரிசனத்துக்கே விரோதமானது என்பதாகும். ஸ்ரீபாஷ்யத்தின் சாஸ்த்ரயோநித்வாதிகரணம் இங்கு நினைக்கத் தக்கது. உலகம் ஒரு காரியம். குடத்துக்குக் குயவன் போல இதற்கும் ஒரு கர்த்தா இருந்தே தீரவேண்டும் என்று நையாயிகர் அநுமானத்தால் ஈச்வரனை ஸாதிப்பர். இன்றைய மேடைகளில் கேட்கும் வாதமும் சொல் மாறிய இதே வாதம்தான். இதை மறுப்பவர் நாஸ்திகர் அல்லர், பாஷ்யகாரரே. மலை, கடல் முதலியன காரியங்கள் என்றே கொண்டாலும், அவையெல்லாம் ஒரே காலத்தில் ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டன என்பதற்கு அநுமானத்தில் இடம் ஏது? புண்ணிய விசேஷத்தால் சக்தி மிக்க பல ஜீவர்கள் பல காலங்களில் செய்தனர் என்று ஏன் கொள்ளலாகாது? நாம் காணும் கர்த்தாக்கள் யாவரும் சரீரம் உடையவர்கள், கர்மத்துக்கு வசப்பட்டவர்கள். அவர்களைத் திருஷ்டாந்தமாக வைத்து அநுமானித்தால் கிடைப்பவனும் அத்தகையவனாகவே இருப்பான். அகில ஹேய ப்ரத்யநீகனும் கல்யாண குணாகரனுமான ஸர்வேச்வரன் அந்த வழியால் கிட்டமாட்டான். அவன் சாஸ்திரம் ஒன்றாலேயே அறியத்தக்கவன் என்பது ஸித்தாந்தம்.

ஆளவந்தாரின் ஈச்வரஸித்தி மீமாம்ஸகரை மறுக்கும் இடத்தில் அநுமானத்தைக் கையாள்கிறதே என்று ஆக்ஷேபம் எழலாம். அந்நூல் முற்றும் கிடைக்காமல் குறையாகவே வந்துள்ளது. எப்படியாயினும் ஸம்ப்ரதாயம் பின்பற்றியது ஸ்ரீபாஷ்யத்தின் முடிவையே.

அநுமானத்தால் ஈச்வரன் கிட்டமாட்டான் என்பதன் மறுபக்கத்தை விஞ்ஞானத் தொழிலில் இருக்கும் ஸ்ரீவைஷ்ணவர்கள் கவனிக்க வேண்டும். ஈச்வரன் அநுமான விஷயம் ஆகாதவன் என்றால், அநுமானத்தால் அவனை இல்லையென்று ஆக்கவும் இயலாது. பிற பிரமாணங்களால் எட்டாத இடத்திலேதான் சாஸ்திரத்துக்குப் பிரயோஜனம் என்பது மீமாம்ஸகரும் வேதாந்திகளும் ஒருசேர ஒப்புக்கொண்ட நியாயம். நெருப்புச் சுடும் என்பதைச் சொல்ல வேதம் வேண்டா. பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக அமைந்துள்ளன என்பதற்கும் வேண்டா. அதை அறியக் கணக்குப் போடவேண்டும். திருவாய்மொழியில் பெருவெடிப்புக் கொள்கையைக் காண்பவர்களும், தசாவதாரமே பரிணாம வாதம் என்பவர்களும் சாஸ்திரத்துக்கு ஏற்றம் செய்வதாக நினைக்கிறார்கள். பிரத்யக்ஷமும் யுக்தியும் தாமே தரக்கூடிய செய்தியை ஆழ்வார் வாயில் வைப்பது, சாஸ்திரம் எதற்காக ஏற்பட்டதோ அந்த வேலையை அதனிடமிருந்து பறிப்பது. தசாவதாரப் பரிணாமக் கருத்தின் மூலத்தைத் தேடினால் வ்யாக்யானங்களில் கிடைப்பதில்லை. 1877இல் வெளிவந்த பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலில் கிடைக்கிறது. மேலும், வெறுந் தர்க்கத்துக்கு நிலைபேறு இல்லை, ஒருவர் நாட்டியதை அவரினும் வல்லவர் கலைப்பர் என்று ஸூத்ரகாரரே இரண்டாம் அத்யாயத்தில் காட்டியுள்ளார். 1948இல் நிலைமாறா அண்டக் கொள்கை எழுந்து இரண்டு தசாப்தங்கள் செல்வாக்கோடு இருந்து பின்னர் சரிந்தது. அன்று பாசுரங்களை அதனோடு முடிச்சிட்டிருந்தால் இன்று அவற்றுக்கு வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

இனிக் கனவுக்கு வருவோம். விசிஷ்டாத்வைதிக்கு இது விலக்கிவிடக் கூடிய விஷயம் அன்று. ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கென்றே ஓர் அதிகரணம் உண்டு. மூன்றாம் அத்யாயத்தின் இரண்டாம் பாதம் ஸந்த்யாதிகரணத்தோடு தொடங்குகிறது. ஸந்த்யம் என்பது விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவான சொப்பன நிலை. அங்கே தேர் இல்லை, குதிரை இல்லை, வழி இல்லை. ஆயினும் தேரும் குதிரையும் வழியும் படைக்கப்படுகின்றன என்கிறது பிருஹதாரண்யகம். படைப்பவர் யார்? ஜீவனே என்பது பூர்வபக்ஷம். பரமாத்மாவே என்பது ஸித்தாந்தம். அவ்விடத்து ஸூத்ரத்தில் வரும் மாயா என்ற சொல்லுக்குப் பொய் என்று பொருள் கொள்வர் பிறர். ஆச்சரியம் என்று பொருள் அருளிச்செய்தார் எம்பெருமானார். கனவுப் பொருள்கள் உண்மையாகவே படைக்கப்பட்டவை. ஆனால் கனவு காணும் அந்த ஒருவன் மட்டுமே அநுபவிக்கக் கூடியவை. அந்தக் காலத்தளவே நிற்பவை. அவனுடைய மிகச் சிறிய புண்ணிய பாபங்களுக்கும் ஈடாக ஈச்வரன் கொடுப்பவை. ஞானம் யாவும் யதார்த்தமானதே என்ற கொள்கை உடைய தரிசனத்தில் கனவுக்குப் பொய்ம்மை சொல்ல இடமில்லை. அதைப் பொதுவாக்கவும் இடமில்லை.

இந்த அளவுகோலை நாமகிரித் தாயாரின் கனவுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். திரை ஒன்று விரிந்ததாகவும், அதன்மேல் ஒரு கை நீள்வட்டத் தொகையீடுகள் பலவற்றை எழுதியதாகவும், அவை மனத்தில் நின்றதாகவும், எழுந்ததும் தாம் எழுதிவைத்ததாகவும் இராமாநுஜன் சொன்னதாகச் சரித்திரங்கள் கூறும். அவர் அதைக் கண்டார் என்பதில் ஐயுற வேண்டியதில்லை. அது அவருக்கென்று அமைந்த பகவத் ஸங்கல்பம் என்று கொள்வதும் ஸ்ரீபாஷ்யத்துக்கு முற்றும் இசைந்ததே. அதே அதிகரணம் கனவைச் சுப அசுபங்களின் ஸூசகம் என்றும் சொல்கிறது. ஸூசகம் ஒன்றைக் குறிக்கும், ஸாதிக்காது. கனவில் கண்ட சூத்திரம் மெய்யா என்று அறியும் பொறுப்பு விழித்தெழுந்தவனுடையது.

இது நுணுக்கத்துக்காகச் சொல்லும் பேதம் அன்று. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த இராமாநுஜன் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன. அவற்றுள் பல முன்பு எவரும் காணாதவை. ஆனால் பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அவர் மிக உறுதியாகச் சொன்னவை பிழையாகப் போயின. சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை என்று ஹார்டி காரணம் காட்டினார். பக்தர்களின் வழக்கு இந்த இடத்தில் திக்குமுக்காடும். சூத்திரங்களின் மெய்ம்மைக்குத் தாயாரைப் பிரமாணம் ஆக்கினால், பொய்த்துப்போன சூத்திரங்களுக்கு யாரைப் பொறுப்பாக்குவது? மெய்யானவை தாயார் தந்தவை, பிழையானவை தாமே எழுதியவை என்று பிரித்தால், அந்தப் பிரிவினையைச் செய்து கொடுத்தது கணித யுக்தியே அன்றிக் கனவு அன்று என்பதை ஒப்புக்கொண்டதாகும். ஸ்ரீபாஷ்யத்தின் வழி நிற்பவனுக்கு இந்த இக்கட்டே இல்லை. கனவு கடாக்ஷம், தேற்றம் யுக்தி விஷயம். இராமாநுஜன் நடந்துகொண்டதும் இவ்வாறே. ஹார்டிக்கு எழுதிய அம்முதற் கடிதத்தில் தாயாரைச் சாட்சிக்கு அழைக்காமல், தேற்றங்களையே முன்வைத்தார். இதை அந்நியரிடம் சொல்லக் கூசினார் என்று விளக்குவோர் உண்டு. எது எங்கே பிரமாணம் என்று அறிந்திருந்தார் என்று கொள்வது அவருக்கு இன்னும் மரியாதை.

இதற்கு எதிராக, திருக்கோவலூரிலிருந்தே ஓர் ஆக்ஷேபம் எழும். முதலாழ்வார்கள் மூவரும் மழை இரவில் கூடிய மிருகண்டு மஹர்ஷி ஆச்ரமத்து இடைகழி அங்கேதான் உள்ளது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, யார் என்று காண விளக்கேற்றினர். காஞ்சியில் அவதரித்த பொய்கையார் நிலத்தை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டு ஏற்றினார். கடல்மல்லைப் பூதத்தார் அன்பையும் ஆர்வத்தையும் உருகும் சிந்தையையும் கொண்டு ஞானச் சுடர் ஏற்றினார். மயிலைப் பேயார் கண்டார். பொய்கையார் செய்தது உலகம் என்ற காரியத்தைக் கொண்டு அதன் கர்த்தாவைக் காண்பது அல்லவா? பாஷ்யகாரர் விலக்கிய அநுமானத்தை ஆழ்வார் கைக்கொண்டாரா?

இடைகழி வரலாற்றின் வரிசையை நோக்கினால் விடை தெளிவாகும். முதலில் நெருக்கம், பிறகே விளக்கு. எம்பெருமான் அங்கே இருக்கிறான் என்பது விளக்கால் ஸாதிக்கப்பட்டதன்று. இருளிலேயே, உடம்பு உடம்பைத் தொடும் அளவில், அவனாகவே வந்து நெருக்கினான். பொய்கையாரின் விளக்கு, வந்துநின்றவனைச் சேவிப்பதற்கு ஏற்றியது. அவ்விளக்கைச் சொல்லும் முதல் பாசுரமும் சக்கரத்தாழ்வானை ஏந்தியவன் திருவடிகளுக்குச் சூட்டும் சொல்மாலையாகவும், துன்பக் கடல் நீங்கும் பொருட்டாகவும் அமைந்தது. அது ஸமர்ப்பணம், ஹேது அன்று. அதனால்தான் ஒரே நிகழ்ச்சியில் புறவிளக்குக்கும் அகவிளக்குக்கும் இடம் இருந்தது. அநுமானம் என்றால் ஒன்று போதும். உலகம் அவனுக்குச் சரீரம் என்று அறிந்தவன், நிலத்தையும் கடலையும் கதிரையும் எத்தனை நுணுக்கமாக ஆராய்ந்தாலும் அது அகலைத் துலக்கும் கைங்கர்யமாகவே அமையும். மாயை என்று உலகைத் தள்ளும் தரிசனத்தில் இந்த இசைவு இவ்வளவு எளிதில் கிடைக்காது.

அகலைத் துலக்குவதில் இந்தப் பூமிக்கு நீண்ட பழக்கம் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் இரண்டுக்கும் எட்டும் தொலைவிலுள்ள எண்ணாயிரத்தில் அழகிய நரஸிம்ஹப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கு நடந்த கல்லூரியின் கணக்கைத் தருகிறது. இளநிலை மாணாக்கர் 270 பேர், மேல்நிலையில் 70 பேர், ஆக 340. இளநிலையில் ருக், யஜுஸ் இரண்டுக்கும் தலா 75 பேர்; ரூபாவதாரம் என்ற வ்யாகரண நூலுக்கு 40 பேர். மேல்நிலை எழுபதின்மரில் வ்யாகரணத்துக்கு 25, பிராபாகர மீமாம்ஸைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. பெருமாள் ஸந்நிதியில் திருவாய்மொழி ஓதுவார்க்கும் நிவந்தம் உண்டு. எழுபது பேரில் அறுபது பேர் சொல்லின் இயல்பையும் வாக்கியப் பொருளை நிர்ணயிக்கும் நியாயங்களையும் கற்றனர் என்பது உற்றுநோக்கத் தக்கது. வேதாந்தத்துக்கு உரியவர் பதின்மரே. ஒன்றை எப்படி நிலைநாட்டுவது என்ற பயிற்சிக்கே மேல்நிலை இடங்களில் பெரும்பகுதி சென்றது. அதே நூற்றாண்டில், காஞ்சிக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்தில் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையே இருந்தது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு ஜீவிதமும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. தீர்த்தப் பிரஸாதமே போதும், கஷாயம் எதற்கு என்று அக்கோயிலார் கேட்கவில்லை.

ஹார்டியின் வழக்குக்கு மறுமொழி இன்னும் மீந்திருக்கிறது. ஆசாரம் வேறு, விசுவாசம் வேறு என்று அவர் கத்தரித்தது கேம்பிரிட்ஜ் கத்தரிக்கோலால். சொல்லில் அறிக்கை செய்வதே மதம் என்று பழகிய நாட்டில், அடுப்பைத் தாமே மூட்டிச் சைவ உணவு சமைத்துண்டவரின் அநுஷ்டானம் வெறும் பழக்கமாகத் தோன்றியதில் வியப்பில்லை. யுத்த காலத்து இங்கிலாந்தில் காய்கறியும் அரிசியும் கிடைக்காமல் உடல் நலிந்தும் அந்நியமத்தை விடாதவருக்கு அதில் விசுவாசம் இல்லை என்று சொல்வது விந்தை. அறிவு என்ற ஒன்றும் அநுஷ்டானம் என்ற ஒன்றும் தனித்தனியே நிற்பதாக ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தின் எந்தக் கிளையும் கொண்டதில்லை. எல்லா மதமும் ஒருபடியே என்ற கூற்றைப் பொறுத்தவரை, பிற தெய்வங்களையும் தனக்குச் சரீரமாக உடையவனைச் சென்றடையும் ஆராதனம் பற்றிக் கீதாபாஷ்யம் சொல்வது வேறு, இராமாநுஜன் சொன்னதாக வருவது வேறு. அவர் வேதாந்தி அல்லர்; அவரிடம் ஸித்தாந்த நிர்ணயத்தை எதிர்பார்ப்பது முறையன்று. நாஸ்திகரான நண்பரோடு தேநீர் மேசையில் பேசியதை மதக்கொள்கையின் பத்திரமாக்குவதும் முறையன்று.

ஆனால் இசைவு எளிதாக நடந்துவிட்டது என்றும் சொல்லலாகாது. பக்தர்களின் மலர்கள் பெரும்பாலும் மறைக்கும் பகுதி இது. கடல் கடப்பது விலக்கப்பட்ட காலம். முதலில் கேம்பிரிட்ஜ் அழைப்பை இராமாநுஜன் ஏற்கவில்லை. 1913ஆம் ஆண்டின் இறுதியில் நாமக்கல் சென்று ஸந்நிதியில் தங்கினார். அன்னை கோமளத்தம்மாளின் கனவில் தாயார் தோன்றி, மகனுக்குக் குறுக்கே நிற்க வேண்டா என்று பணித்ததாகவும் வரலாறு உண்டு. ஸூசகம் என்ற சொல் இங்கே தன் முழுப்பொருளோடு நிற்கிறது. கணிதத்தை நிரூபிக்க வராத கனவு, செய்வதா விடுவதா என்று தவித்த குடும்பத்துக்கு வழி காட்டியது. 1914 மார்ச் 17ஆம் தேதி கப்பல் ஏறுமுன் குடுமி களையப்பட்டது. மேனாட்டு உடை தரிக்கப்பட்டது. 1918இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் ஆனவர், 1919இல் நோயோடு திரும்பினார். இழந்தவற்றைக் கணக்கிடாமல் அவரை இணக்கத்தின் திருஷ்டாந்தமாக நிறுத்துவது அவர் பட்டதைச் சிறிதாக்குவதாகும். பிரமாணங்களுக்குள் விரோதம் இல்லை என்று அதிகரணம் தெளிவாகக் காட்டும். வாழ்க்கையில் நேரும் விரோதத்தை ஒவ்வொருவரும் தாமே சுமக்க வேண்டியிருக்கிறது. இன்று ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு ஸந்த்யாவந்தனக் காலத்தைத் தவறவிடுபவரின் தவிப்பைச் ‘சாஸ்திரமும் விஞ்ஞானமும் ஒன்றே’ என்ற வாசகம் தீர்ப்பதில்லை.

1920 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தாம் அண்மையில் கண்டுபிடித்த போலித் தீட்டா சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, முப்பத்திரண்டாம் வயதில், பரமபதித்தார். திருக்கோவலூருக்கு எடுத்துச் சென்றது போன்ற அவர் குறிப்பேடுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிபுகள் பெரும்பாலும் நிரூபணம் இன்றியே இருந்தன. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பிறர் செய்ததையும் திரட்டி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் நிரூபணங்களோடு வெளியிட்டார். தவறாக முடிந்தவை மிகச் சிலவே.